ஆப்பின் தடித்த பக்கம்

1

கலியாணம் முடித்து நாற்பது வருடம் நிறைகிற கிழமையில் என் மனைவி ஜெஸீமா நான்கு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "சோறு ஈக்கு." "மகள் போன்ல கோல் எடுத்த." "கதவப் பூட்டுங்க." அவ்வளவுதான். அது ஏன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் நான் யார் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் பாரம் உங்களுக்கு விளங்காது.

நான் பாலாவிக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவன். இன்று மெல்பேர்ன் நகரத்துக்கு வெளியே எனக்குச் சொந்தமாக ஒரு கராஜ் இருக்கிறது. அதில் நான் செய்வது ஒரே வேலை. வாகனத்தின் முன்பக்கத்தை நேராக்குவது. சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்து நிற்கிறது, சுக்கானைத் திருப்பினால் திரும்பி வருகிறதா, இதுதான். பெரிய கராஜ்களில் லேசர் மெஷின் வைத்திருக்கிறார்கள். மெஷினில் எல்லாம் பச்சை காட்டும், கார் மட்டும் ரோட்டில் பாம்பு மாதிரிப் போகும். அப்போது என்னைத் தேடி வருவார்கள். முந்நூறு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தும் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

அப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் ஹொட் ரொட் வைத்திருப்பவர்கள். ஊரில் அது இல்லை. எண்பது, தொண்ணூறு வருடத்துப் பழைய காரின் கூட்டை எடுத்து, அதற்குள் பெரிய எஞ்சின் ஒன்றை இறக்கி, வயிறு நிலத்தில் முட்டுகிற மாதிரிப் பதித்து, செக்கச் சிவப்பாகப் பெயின்ட் அடித்து ஓட்டுகிற ஒரு பைத்தியம். கிழவர்களின் பைத்தியம். எஞ்சினுக்கு ஆறு மாதம் யோசிப்பார்கள், பெயின்டுக்கு ஒரு வருடம் யோசிப்பார்கள். முன் அச்சைப் பற்றி, அது ஆடத் தொடங்கிய பிறகுதான் யோசிப்பார்கள்.

ஆனால் அந்தக் கார்களின் முன் அச்சு என்ன? லொறி அச்சுத்தான். ஒரே இரும்பு, இரண்டு பக்கமும் சில்லு. படித்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

2

பாலாவிச் சந்தியில் நான் வேலை பழகிய கராஜுக்கு இரண்டு வகை லொறி வரும். உப்பு லொறி, சீமெந்து லொறி. சீமெந்து லொறி பாரத்தால் நோகும். உப்பு லொறியை உப்பே தின்னும். ஸ்பிரிங் பட்டையைத் தொட்டால் கையோடு செதில் செதிலாக வரும். பட்டை தளர்ந்தால் அச்சின் சாய்வு போய்விடும். சாய்வு போனால் சுக்கான் கைக்கு அடங்காது.

அதை எப்படிச் சொல்வது? ஒரு சைக்கிளைப் பாருங்கள். முன் சில்லைப் பிடிக்கிற தண்டு நேர் குத்தாக நிற்பதில்லை. தலைப்பக்கம் பின்னுக்குச் சாய்ந்து, ஓட்டுகிறவனைப் பார்த்து நிற்கிறது. அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேரே போகிறது. லொறிக்கும் அந்தச் சாய்வு வேண்டும். இங்கே அதற்குக் காஸ்டர் என்று பெயர். குறைந்துபோனால், ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஓர் இரும்பு ஆப்பை வைத்து அச்சைச் சாய்க்கலாம். ஆப்பின் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. தடித்த பக்கம் பின்னுக்கு இருந்தால் தலை பின்னுக்குச் சாயும், வண்டி நேரே போகும். மாறி வைத்தால் வண்டி சொன்ன சொல் கேட்காது.

எங்கள் கராஜ் முதலாளி குணதாச பாஸ் இதைச் சிங்களத்தில் ஒரே வரியாகச் சொல்லுவார். "மஹத பெத்த பஸ்ஸட." தடித்த பக்கம் பின்னுக்கு. ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். பிறகு அவர் சொல்லத் தேவையில்லாமல் போனது. கண்ணை மூடிக்கொண்டு லொறிக்குக் கீழே கிடந்தாலும் என் கை ஆப்பைத் தடவி, தடித்த பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பும். நான் நேராக்கிய லொறி என்றால் சாரதிமார் கற்பிட்டி ரோட்டில் சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பீடி பற்றவைப்பார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த சேர்ட்டிபிக்கட்.

வேறு சேர்ட்டிபிக்கட் என்னிடம் இல்லை. இந்த நாட்டில் அதுதான் பிரச்சினை.

3

இங்கே எல்லாவற்றுக்கும் தாள். காரை நீங்களே கட்டினால், ஓர் எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் ரோட்டில் இறக்க முடியாது. எஞ்சினியருக்கு முன்பக்கத்தின் அளவுத் தாள் வேண்டும். இடது சில்லு எத்தனை பாகை, வலது எத்தனை, என்ன மாற்றினீர்கள், எப்படி மாற்றினீர்கள், எல்லாம் இங்கிலிசில்.

நான் இங்கிலிசு கதைப்பேன். சரியாக எழுத வராது. எழுதுவது ஜெஸீமா. அவள் எங்களுக்குப் பக்கத்து ஊரான எத்தாளைப் பெண், ஓ-லெவலில் இங்கிலிசு பாஸ் பண்ணியவள். கராஜின் மூலையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, குளிருக்கு ஒரு ஹீட்டர். நான் காருக்குக் கீழே கிடந்து அளவைக் கூப்பிடுவேன். அவள் முக்காட்டுக்கு மேலே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதுவாள். இருபது வருடமாக இப்படித்தான். வாடிக்கையாளர்கள் என்னை முதலாளி என்று சொல்ல மாட்டார்கள், அவளைத்தான் சொல்லுவார்கள்.

எங்கள் பகுதிக்கு எஞ்சினியர் ஹெலன் என்ற பெண். என் மகளின் வயது இருக்கும். சேர்ட்டிபிக்கட் இல்லாதவனின் தாளை அவள் எடுக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆரம்பத்தில் என் தாள் ஒவ்வொன்றையும் தன் கருவியால் மறுபடி அளந்து பார்த்தாள். ஒன்றிலும் பிழை இல்லை. பிறகு அளப்பதை விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் இந்தப் பக்கம் வரவில்லை. மகன் சிட்னியில், கம்பியூட்டர் வேலை. போன வருடம் ஒரு மின்சாரக் கார் வாங்கினான். "வாப்பா, இது தன்னாலயே திரும்பும், நீங்க கை வைக்கத் தேவல்ல" என்று இங்கிலிசில் சொன்னான். காஸ்டர் எத்தனை என்று கேட்டேன். சிரித்தான். அவனுடைய பிள்ளைகளுக்கு மூத்தவாப்பா என்று சொல்ல நாக்கு வளையவில்லை. என்னை "மூ" என்று கூப்பிடுகிறார்கள், மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. நானும் "மூ" என்றே பதில் சொல்கிறேன். அதில் சந்தோசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழு நாளும் என்னோடு முழு வசனத்தில் கதைக்கிற ஆள் இந்த நாட்டில் ஒருத்திதான் இருக்கிறாள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

கிரகாம் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி மௌத்தாகித் தனித்துப்போன பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டிலில் ஏழு வருடம் ஒரு காரைக் கட்டினார். ஒரு ஆணியைக்கூட வேறு ஒருவர் அடிக்க விடவில்லை. அந்தக் காரை அளப்பதற்கு என்னிடம் கொண்டு வந்தார்.

காஸ்டர் ஒரு பாகைதான் இருந்தது, போதாது. இரண்டரைப் பாகை ஆப்பு இரண்டு வெட்டிக் கொடுத்தேன். பூட்டுவதை நானே செய்கிறேன் என்றார் கிரகாம். சரி, மனிதரின் ஆசை. எப்படிப் பூட்டவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

"எழுது புள்ள" என்றேன். "ஆப்பு இரண்டரை. தடிச்ச பக்கம் பின்னுக்கு."

ஜெஸீமா பேனையைத் தூக்கிப் பிடித்தாள். எழுதவில்லை.

"இஞ்ச பாருங்க. லொறிக்கு ஸ்பிரிங் மேல, அச்சு கீழ. இந்த மனிசன் காரப் பதிக்க அச்ச ஸ்பிரிங்குக்கு மேல ஏத்தி வெச்சீக்காரே. அப்பயும் பின்னுக்கா?"

"நாப்பத்தஞ்சு வருஷமா பின்னுக்குத்தான். நீ எழுது."

"கேட்டது பிழையா?"

"ஒன்ட வேல எழுதுற. என்ட வேல அளக்குற."

அவள் எழுதினாள்.

அவள் கேட்டதுதான் சரி. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கவேண்டிய அச்சு மேலே ஏறிவிட்டால், ஆப்பும் தலைகீழாகத்தான் வேலை செய்யும். தடித்த பக்கம் முன்னுக்குத்தான் வரவேண்டும். நான் இதற்கு முன் அச்சு மேலே ஏற்றிய கார்கள் செய்திருக்கிறேன். ஆனால் அவற்றில் சாய்வைத் திருகிச் சரிசெய்யும் தண்டுகள் இருந்தன, ஆப்பு இல்லை. அன்றைக்கு எனக்குப் பதில் குணதாச பாஸின் வரிதான் கதைத்தது. என் தலை வேலை செய்யவில்லை.

பூட்டியதும் காரை என்னிடம் கொண்டு வரவேண்டும், நான் மறுபடி அளப்பேன் என்றுதான் பேச்சு. ஏழு வருடம் காத்திருந்த மனிதருக்கு இன்னும் ஒரு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை. ரோட்டில் ஓட்ட ஒரு நாள் அனுமதி எடுத்துக்கொண்டு நேரே ஹெலனிடம் ஓட்டிப் போனார். பெரிய ரோட்டில் எண்பதைத் தொட்டதும் காற்று ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. அவர் மெல்லத் திருப்ப, கார் இன்னும் திரும்பப் பார்த்திருக்கிறது. மறுபக்கம் இழுக்க, அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது. கடைசியில் சரளைக்கல்லில் இறங்கி, ஒரு வேலிக்கட்டையில் உரசி நின்றது. கிரகாமுக்கு ஒரு கீறலும் இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய கை. வேறு ஆளாக இருந்தால் இந்தக் குறிப்பை நான் வேறு மாதிரி எழுதவேண்டி இருந்திருக்கும்.

5

அடுத்த நாள் ஹெலன் கோல் எடுத்தாள். என் கை கிரீசாக இருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். கிரகாமும் பக்கத்தில் நின்றார். ஜெஸீமா கதிரையில் இருந்தாள்.

ஹெலன் கோபமாகக் கதைக்கவில்லை. அது இன்னும் கஷ்டம். "நிஸ்தார், உன் தாளில் தடித்த பக்கம் பின்னுக்கு என்று எழுதியிருக்கிறதே. எனக்கு ஒன்று தெரியவேண்டும். இது எழுத்தில் வந்த பிழையா, அல்லது நீ அப்படித்தான் சொன்னாயா?"

எழுத்துப் பிழை என்றால் ஒரு புதுத் தாளோடு முடிந்துவிடும். நான் சொன்னது என்றால் சேர்ட்டிபிக்கட் இல்லாத ஒருவனின் தாளை அவள் இனி ஏன் எடுக்கவேண்டும்? அவள் எடுக்காவிட்டால் எனக்குக் கராஜ் இல்லை. இதையெல்லாம் நான் ஒரு மூச்சில் யோசித்தேன். பிறகு என் உடைந்த இங்கிலிசில் சொன்னேன்.

"எழுதினது என் மனைவி. அவளுக்கு இது விளங்காது."

ஜெஸீமா பேனைக்கு மூடியைப் போட்டாள். ஹீட்டரை நிறுத்தினாள். வாசிக்கிற கண்ணாடியை மேசையில் விட்டுப் போகிறவள், அன்றைக்கு அதையும் எடுத்துக் கைப்பையில் வைத்தாள். எங்கள் வீடு நடந்தால் இருபது நிமிடம். நடந்து போனாள்.

கிரகாம் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "நீ சொன்னதை ஹெலனுக்கு எழுத்தில் கொடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

6

நான்கு நாள். கராஜில் நானே தாள் எழுதப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் போனது. இடது என்று எழுதவேண்டிய இடத்தில் வலது என்று எழுதிக் கிழித்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் கலியாண நாள். மகள் கோல் எடுத்து இரண்டு பேருக்கும் வாழ்த்துச் சொன்னாள். பிறகு என்னிடம் தனியாக, "வாப்பா, உம்மாட குரல் ஒரு மாதிரி ஈக்கே, நீங்க என்ன செஞ்ச?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "நீங்க ஒண்டுமில்லண்டு சொன்னா பெரிசா ஏதோ ஈக்கு" என்றாள். தமிழில் சொன்னாள். தமிழ் மறந்துபோன பிள்ளை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பிள்ளை.

நான்காம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஜெஸீமா குசினி மேசையில் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் கொண்டு போய் முன்னால் வைத்தேன்.

"ஹெலனுக்கு ஒரு கடிதம் எழுதணும்."

"சொல்லுங்க, எழுதுறன். என்ட வேல எழுதுறதானே."

பேனையை எடுத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். நான் என்ன சொன்னாலும் அவள் எழுதுவாள், எழுத்துப் பிழை என்று சொன்னாலும் அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைப்பாள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு அவள் கையால் அதை எழுதவைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கையை நீட்டினேன்.

"தா. நான் எழுதுறன்."

ஐந்து வரி. உடைந்த இங்கிலிசில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக. தடித்த பக்கம் பின்னுக்கு என்று சொன்னவன் நான். என் மனைவி அது பிழையாக இருக்கலாம் என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. பிறகு உன்னிடம் பொய் சொன்னேன். என் தாளை எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். அதை எழுதி முடிக்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. லொறிக்குக் கீழே கிடந்தும் நான் அப்படி வேர்த்ததில்லை.

ஜெஸீமா கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

"இத அனுப்பினா கராஜ் போயிரும்."

"போனாப் போகட்டும்."

"போனா நீங்க வீட்டுலதான் ஈப்பீங்க."

"ஓம்."

"அதத்தான் யோசிக்கிறன்" என்றாள். நான்கு நாளில் முதல் பகிடி.

7

ஹெலனின் பதில் ஒரு கிழமையில் வந்தது. ஜெஸீமாதான் வாசித்துச் சொன்னாள். என் தாளை எடுப்பாள். ஆனால் இனி ஒவ்வொரு காரையும் இரண்டாவது ஆள் ஒருவர் கண்ணால் பார்த்து, தாளில் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த ஆள் நான் அளப்பதைக் கேள்வி கேட்கக்கூடியவராக இருக்கவேண்டும் என்று கீழே ஒரு வரி.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாற்பத்தைந்து வருடம்! என்னைப் பார்க்க ஓர் ஆளா? ஒரு பிளேன்டீ குடித்ததும் கோபம் இறங்கியது. "சரி, ஒன்ட பேரக் குடுத்துருவம்" என்றேன்.

"என்ட பேர எனக்கிட்டக் கேக்காம எப்புடிக் குடுக்குற?"

அது நியாயம். யோசித்துப் பார்த்தால் நான் இவளிடம் எதையும் கேட்டதே இல்லை. கலியாணத்தைக்கூட, எத்தாளையில் இவள் வாப்பாவின் வெங்காய லொறிக்குக் கீழே கிடந்துகொண்டு வாப்பாவிடம்தான் கேட்டேன். சவூதிக்குப் போவதை டிக்கட் வந்த பிறகு சொன்னேன். இந்த நாட்டுக்கு வருவதையும் அப்படித்தான். அறுபத்தேழு வயதில் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"ஜெஸீமா, நான் செய்யிறத நீ பாத்துச் சொல்லுவியா?"

"நான் பிழைண்டு சொன்னா கேப்பீங்களா?"

"கேப்பன்."

"கேட்டாப் போதாது. கழட்டணும்."

"கழட்டுறன்."

"பாப்பம்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கிரகாம் காரைக் கொண்டு வந்தார். முதல் வேலையாக அவர் முன்னால் நின்று, பிழை என்னுடையது, மனைவியுடையது அல்ல என்றேன். "தெரியும்" என்றார். "முப்பது வருடம் என் பஸ்ஸில் புருசன் பெண்சாதி ஏறி இறங்கியிருக்கிறார்கள். யார் யாருடைய தலையில் பழியைப் போடுகிறார் என்று எனக்குக் கண்ணாடியிலேயே தெரியும்." பிறகு கை தந்தார். இந்த முறை ஆப்பை நான் பூட்டவேண்டும் என்று அவரே சொன்னார். அது எனக்குப் பெரிய மரியாதை.

பூட்டினேன். தடித்த பக்கம் முன்னுக்கு. என் கை இரண்டு தரமும் பின்னுக்குத்தான் திருப்பப் பார்த்தது. இரண்டு தரமும் அதைப் பிடித்து நிறுத்தினேன். அளந்தேன். இடது மூன்றரை, வலது மூன்றரை. ஒரு மயிர் வித்தியாசம் இல்லை. இந்த நாட்டில் வேறு எவனாவது அப்படிப் பூட்டட்டும் பார்க்கலாம்.

ஜெஸீமா டோர்ச்சை எடுத்தாள். முழங்கால் நோவோடு குனிந்து, காருக்கு அடியில் தலையை விட்டு, இடது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பி, சுற்றிப் போய், வலது பக்கத்தைப் பார்த்தாள். அங்கே நிறைய நேரம் இருந்தாள்.

"இதக் கழட்டுங்க."

"எனத்துக்கு? சரியாத்தானே—"

அவள் என்னைப் பார்த்தாள். கிரகாம் தமிழ் விளங்காமல் இரண்டு பேரையும் பார்த்தார். நான் ஸ்பெனரை எடுத்தேன். நான்கு நட்டையும் கழற்றி, அச்சை ஜாக்கில் உயர்த்தி, ஆப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தடித்த பக்கம் பார்த்தேன், மெல்லிய பக்கம் பார்த்தேன், நடு ஓட்டையைப் பார்த்தேன். பட்டையைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"சரியாத்தான் ஈக்கு புள்ள."

"ஓம். எனக்குத் தெரியும்."

"அப்ப எனத்துக்குக் கழட்டச் சொன்ன?"

"கழட்டுவீங்களாண்டு நான் பாத்த" என்றாள். மேசைக்குப் போய், ஹீட்டரைப் போட்டு, பேனையின் மூடியைத் திறந்தாள். "பூட்டுங்க. பூட்டிட்டு அளவச் சொல்லுங்க, எழுதுறன்."